புள்ளைங்க போன்ல அப்படி என்னதான் பண்றாங்க? கடைக்கு வர்றவங்க கேட்ட கேள்விகள்

பட்டுக்கோட்டைல 2006ல ப்ரவுசிங் சென்டரா ஆரம்பிச்ச கடை, இப்ப மொபைல் சர்வீஸ் கடையா ஓடுது. டிஸ்ப்ளே மாத்த வர்றவங்க அரை மணி நேரம் பெஞ்ச்ல உக்காந்துருப்பாங்க, அந்த அரை மணி நேரத்துல கேக்குறது எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே கேள்விதான். பாதி அப்பா அம்மா கேட்டது, பாதி புள்ளைங்க கேட்டது. ரெண்டு பேரும் ஒரே பெஞ்ச்ல உக்காந்து ஒருத்தர் மேல ஒருத்தர் புகார் சொல்லி கேட்டதும் இருக்கு. திரும்பத் திரும்ப சொல்லி தொண்ட வத்திப்போனதால இங்க எழுதி வெக்கிறேன், இனிமே லிங்க் அனுப்பிட்டு நான் ஸ்க்ரூ கழட்டுற வேலையப் பாப்பேன். நான் டாக்டர் இல்ல, வாத்தியாரும் இல்ல, 20 வருஷமா பக்கத்துல நின்னு பாத்தவன், அவ்ளோதான்.

நைட்டு 12 மணி வரைக்கும் போன்ல அப்படி என்னதான்ணே பண்றான் இவன்?

பெரும்பாலும் பேசிட்டு இருக்கான். சாயங்காலம் ட்யூஷன்ல பாத்துட்டு வந்த அதே 4 பசங்ககிட்டதான் திரும்பவும் பேசுவான். யாரு யார கலாய்ச்சா, கெமிஸ்ட்ரி ரெக்கார்டு யாரு முடிச்சா, சார் இன்னிக்கு ஏன் அப்படி கத்துனாரு, இதான் விஷயம், பெருசா ஒண்ணும் இருக்காது. நடுவுல ஒருத்தன் ஒரு ரீல் அனுப்புவான், அதப் பாக்கப் போனவன் அங்கயே 40 நிமிஷம் கெடப்பான், அப்புறம் திரும்பி வந்து ஒரு சிரிக்கிற பொம்ம போடுவான்.

அதனால இத ரெண்டா பிரிச்சுக்குங்க. ஆளோட பேசுறது ஒண்ணு, ஆளே இல்லாம மேல தள்ளிட்டே இருக்குறது இன்னொண்ணு. தள்ளி நின்னு பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், குனிஞ்ச தலை, வெளிச்சம் அடிக்கிற மூஞ்சி. விரலப் பாத்தா கண்டுபிடிச்சிடலாம். ரெண்டு கட்டவிரலும் ஓடிட்டு இருந்தா பேசுறான், ஒரு விரல் மட்டும் தள்ளிட்டே இருந்தா ரீல்ஸ். கீழ வர்ற பாதி பதிலுக்கு இந்த விரல் கணக்குதான் அடிப்படை, அதனால இத மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.

ஸ்டோரி, ஸ்டேட்டஸ், ரீல்ஸ்னு சொல்றாங்களே, எல்லாம் ஒண்ணுதானே?

இல்லக்கா. ஸ்டேட்டஸ் வாட்ஸப்ல, ஸ்டோரி இன்ஸ்டாவுல, ரெண்டும் 24 மணி நேரத்துல போயிடும், பெரும்பாலும் தெரிஞ்சவங்கதான் பாப்பாங்க. போஸ்ட்டு அப்படியே நிக்கும். ரீல்ஸ் வேற கத, அக்கவுண்ட் பப்ளிக்கா இருந்தா அத முன்ன பின்ன தெரியாத ஆளுங்களுக்கும் கம்பெனியே கொண்டு போய் காட்டும். ஸ்டேட்டஸ் நம்ம வீட்டு திண்ணைல உக்காந்து பேசுற மாதிரின்னா ரீல்ஸ் திருவிழா மேடைல மைக் புடிச்சு பேசுற மாதிரி.

திண்ணைக்கும் அதுக்குன்னு சட்டதிட்டம் இருக்கு. ஃப்ரெண்டுக்கு பொறந்தநாள்னா ராத்திரி 12 மணிக்கு அவனோட இருக்குறதுலயே மொக்கையான போட்டோவா தேடி எடுத்து, அதுக்கு ஒரு பாட்டு வெச்சு ஸ்டேட்டஸ் போடணும். அவன் அத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து தன்னோட ஸ்டேட்டஸ்ல திரும்ப வெப்பான். போடாம தூங்கிட்டா மறுநாள் சண்ட. நம்ம காலத்துல ஃப்ளெக்ஸ்ல பேரு விட்டுப்போச்சுன்னு அடிச்சுக்கிட்டோமே, அதே சண்டதான் இதுவும். ஒரு ரூபா செலவு இல்ல, அதுவரைக்கும் லாபம்.

ஒரே ஆளு எதுக்கு 4 ஆப் வெச்சிருக்கான்?

ஏன்னா வாட்ஸப்ல நீங்க இருக்கீங்க. நீங்க, உங்க மச்சான், க்ளாஸ் டீச்சர், ட்யூஷன் சார், சிங்கப்பூர்ல இருக்குற பெரியப்பா, அத்தன பேரும் இருக்குற எடத்துல எவன் மனசு விட்டு பேசுவான்? அதான் ஃப்ரெண்ட்ஸோட இன்ஸ்டாவுக்கு போயிட்டான். ஸ்னாப்சாட் இன்னும் நெருங்குன நாலஞ்சு பேருக்கு. டெலிகிராம் படிக்கிற பிடிஎஃப்புக்கு, படம் எறக்கவும்தான், அதையும் ஏன் மறைப்பானேன். ஃபேஸ்புக்ல சேர மாட்டான், கேட்டா "அங்க பூரா மாமாங்க"ம்பான்.

இது புதுசும் இல்ல. 2007, 2008ல எங்கிட்ட மணிக்கு 20 ரூபா குடுத்து ஆர்குட்ல ஸ்க்ராப் எழுதுன பசங்க எல்லாரும் கொஞ்ச நாள்ல மொத்தமா ஃபேஸ்புக்குக்கு தாவுனாங்க, ஆர்குட்ட 2014 செப்டம்பர்ல இழுத்தே மூடிட்டாங்க. அப்ப தாவுனவங்கதான் இப்ப அந்த மாமாங்க. பெரியவங்க உள்ள வந்தா சின்னதுங்க வெளிய போயிடும். இன்னும் சொல்லப்போனா "என் பையன் யார் யார்கிட்டயோ சாட் பண்றான்"னு போன வாரம் வந்து புலம்புன ஒருத்தரு, 2006ல என் கடை மூணாவது கேபின்ல உக்காந்து யாஹூ சாட்ல ஊர் பேர் தெரியாத ஆளுகிட்ட எல்லாம் ஏஎஸ்எல் (வயசு, ஆணா பொண்ணா, எந்த ஊரு) கேட்டுட்டு இருந்தவரு. நான் ஞாபகப்படுத்தல, வயசானவரு, சங்கடப்படுவாரு.

பக்கத்து தெரு பையன்கிட்ட நேர்ல போய் பேச வேண்டியதுதானே?

எங்க, எப்பன்னு சொல்லுங்க. ஸ்கூல் விட்டு வர 5 மணி, உடனே ட்யூஷன், ஞாயித்துக்கெழம நீட் கோச்சிங். நாம உக்காந்த குட்டிச்சுவத்த இடிச்சு காம்ப்ளெக்ஸ் கட்டியாச்சு, கிரிக்கெட் ஆடுன திடல ப்ளாட் போட்டாச்சு. டீக்கடைல நாலு பசங்க சேந்து நின்னா "எவன் வீட்டு புள்ளடா இது"ன்னு அப்பாவுக்கு போன் போவுது. அவனுக்குன்னு மிச்சம் இருக்குறது ராத்திரி 10 மணிக்கு மேலதான், அந்நேரத்துக்கு எந்த தெருவுக்கு போவான்?

இன்னொண்ணு, மெசேஜ்ல பேசுறவன் நேர்ல பேசமாட்டான்னு நெனைக்கிறதே தப்பு. கடற்கரை பக்கம் இருக்குற மனோரா கோபுரத்துக்கு போக ப்ளான் போடுறது க்ரூப்லதான், போனது நெசமாத்தான். 2017 ஜனவரில ஜல்லிக்கட்டுக்காக மெரினாவுல அவ்ளோ கூட்டம் கூடுச்சே, பெரும்பாலும் வாட்ஸப், ஃபேஸ்புக்ல பாத்துட்டு தானா கெளம்பி வந்த பசங்கதான். மழ பெய்ய ஆரம்பிச்சா கலெக்டர் பேஜ்ல போய் "சார் லீவு விடுங்க சார்"னு வரிசையா கமெண்ட் போடுறானுங்களே, அது கூட ஒரு சமூக சேவைதான், கேட்டா அப்படித்தான் சொல்றானுங்க.

என் பொண்ணு அவ போட்டோவ வைக்காம பூ, பொம்மன்னு டிபி வெச்சிருக்கா, பேரும் வேற. எதையோ மறைக்கிறாளா?

இந்த கேள்விய அம்மாக்கள் கொரல தாழ்த்திதான் கேப்பாங்க. மறைக்கிறா, ஆமா, ஆனா எதுக்குன்னு பாருங்க. சொந்த பேர், சொந்த மூஞ்சியோட ஒரு பொண்ணு இருந்தா ஒரு நாளைக்கு எத்தன "ஹாய்" வருதுன்னு எந்த காலேஜ் பொண்ணுகிட்ட வேணா கேளுங்க. அதோட ஊர்க்காரன் எவனாவது பாத்துட்டு அண்ணன்கிட்ட சொல்லுவான், அண்ணன் அப்பாகிட்ட சொல்லுவான், போன் போயிடும், சில வீட்டுல அந்த சாக்குல படிப்பே போயிடும். இத்தனையும் கணக்கு போட்டுத்தான் அந்த பொண்ணு ரோஜாப்பூ வெச்சிருக்கு.

பையனுக்கு குட்டிச்சுவர் போச்சுன்னு மேல சொன்னேன்ல, பொண்ணுங்களுக்கு அது எப்பயுமே இருந்ததில்ல. ஸ்கூல் விட்டா வீடு. லீவு விட்டா ஃப்ரெண்ட பாக்குறது அடுத்த ஜூன்லதான். அதுவும் +2 முடிச்சு ஒருத்தி கோயம்புத்தூர், ஒருத்தி கல்யாணம் ஆகி அறந்தாங்கின்னு போயிட்டா பழைய கூட்டு அதோட முடிஞ்சுது, எங்க அக்காவுக்கெல்லாம் அப்படித்தான் ஆச்சு, கூட படிச்சவங்க எங்க இருக்காங்கன்னே 15 வருஷம் தெரியல. இப்ப உள்ள பொண்ணுங்க 6 பேரு ஒரு க்ரூப் வெச்சுக்கிட்டு, மாமியார் திட்டுனது மொதக்கொண்டு சாம்பார்ல புளி ஜாஸ்தியானது வரைக்கும் வாய்ஸ் நோட்டா அனுப்பிக்கிறாங்க. கடைல டேட்டா மாத்தி குடுக்கும்போது பாத்துருக்கேன், ஒரு பொண்ணு பழைய போன்ல இருந்து அந்த க்ரூப் ஒண்ணு மட்டும் வந்துட்டா போதும்ணே, மத்தது எது போனாலும் பரவால்லன்னு நின்னுச்சு.

அதனால பூ டிபிய பாத்து பயப்படாதீங்க. மூஞ்சி தெரியாத அக்கவுண்டா, ப்ரைவேட் பண்ணி வெச்சிருக்காளா, உள்ள இருக்குறவங்க எல்லாரும் அவளுக்கு நேர்ல தெரிஞ்சவங்களா, அப்படின்னா அந்த பொண்ணு உங்களவிட உஷாரு.

ரெண்டு அக்கவுண்ட் எதுக்கு? அதுல க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ்னு பச்ச வட்டம் வேற போடுதே?

மொத அக்கவுண்ட் சொந்தக்காரங்களுக்கு, கோயில் போட்டோ, அக்கா கல்யாண போட்டோ இருக்கும். ரெண்டாவதுதான் அசலு, அதுல 20, 30 பேருதான். பச்ச வட்டம் 2018ல வந்தது, குறிப்பிட்ட ஆளுங்களுக்கு மட்டும் ஸ்டோரி காட்டுற வசதி. யாரு எத பாக்கணும்னு யோசிச்சு செய்யுற புள்ளைங்கள நான் நம்புவேன். எதையும் யோசிக்காம எல்லாத்தையும் பப்ளிக்கா போடுற ஆளுதான் பெரும்பாலும் பிரச்சனையோட கடைக்கு வர்றாங்க, அதுல வயசு வித்தியாசமே இல்ல.

சுவத்தையும் ஃபேனையும் போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்புறா, பைத்தியமா இவ?

ஸ்ட்ரீக்குமா அது, ஸ்னாப்சாட்ல. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெனம் ஒரு ஸ்னாப்பாவது அனுப்பணும், 24 மணி நேரத்துக்குள்ள. அப்படி 3 நாள் போனா பேரு பக்கத்துல நெருப்பு படமும் எத்தன நாளுன்னு நம்பரும் வரும். ஒரு நாள் விட்டா போச்சு, முடியப் போவுதுன்னா மணல் கடிகாரம் காட்டும். எழுதுற மெசேஜ் கணக்குல வராது, போட்டோவோ வீடியோவோதான், அதான் கைக்கு கெடச்ச ஃபேனு.

இதுல நட்பும் இருக்கு, கம்பெனி தந்திரமும் இருக்கு. அந்த நம்பர் 400னு நிக்கிறப்ப விட மனசு வராது, சண்ட போட்டு பேசாம இருக்குற ரெண்டு பேரு கூட ஸ்ட்ரீக்குக்காக மட்டும் சுவத்த அனுப்பிக்கிறத பாத்துருக்கேன். "ஊருக்கு போறேன், டவர் இருக்காது, என் ஸ்ட்ரீக்க பாத்துக்கடி"ன்னு தங்கச்சிகிட்ட பாஸ்வேர்ட் குடுத்துட்டு போறாங்க. அது நல்லதில்ல, பாஸ்வேர்ட யாருக்கும் குடுக்காதீங்க. மத்தபடி ஃபேன் போட்டோவுக்கு நான் கோவப்பட மாட்டேன்.

ரீல்ஸ் பாத்தா நேரம் போறதே தெரியலண்ணா. நான் அடிக்ட் ஆயிட்டனா?

காலேஜ் தம்பி ஒருத்தன் கேட்டது, நேர்மையான கேள்வி. அடிக்ட்டா இல்லையான்னு சொல்ல நான் யாரு, ஆனா அது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன். புத்தகத்துல பக்கம் முடியும், டிவில நாடகம் முடியும், அந்த எடத்துல எந்திரிச்சு தண்ணி குடிக்க போவோம். ரீல்ஸ்ல முடியுற எடமே வராது. முடிவே இல்லாம தள்ளிட்டே போற இந்த வடிவத்த 2006ல வடிவமைச்சவரு ஏசா ராஸ்கின்னு ஒரு அமெரிக்கரு, பின்னாடி அவரே இத செஞ்சதுக்கு வருத்தப்படுறேன்னு வெளிப்படையா சொன்னாரு. அதோட எந்த வீடியோவுல நீ எவ்ளோ நேரம் நிக்கிறங்கிறத வெச்சுத்தான் அடுத்தது என்னன்னு அது முடிவு பண்ணுது, லைக் போடணும்னு கூட இல்ல, சும்மா நின்னு பாத்தாலே போதும்.

நான் சொல்ற வழி சாதாரணமானதுதான். நேரம் தெரியுற மாதிரி பண்ணிக்கணும், ஆண்ட்ராய்டு செட்டிங்ஸ்லயே டிஜிட்டல் வெல்பீயிங்னு இருக்கு, ஆப் வாரியா எவ்ளோ நேரம்னு காட்டும், டைமர் வெக்கலாம். ஸ்க்ரீன கருப்பு வெள்ளையா மாத்தி வெச்சாலும் ரீல்ஸ் சப்புன்னு ஆயிடும், சிரிக்காத, ஒரு வாரம் வெச்சு பாரு. இன்ஸ்டாவுல இதுவரைக்கும் பழக்கி வெச்ச சிபாரிச எல்லாம் அழிச்சுட்டு புதுசா ஆரம்பிக்கவும் செட்டிங்ஸ்ல வழி இருக்கு. இதெல்லாம் தள்ளுற விரலுக்கு சொல்றது, பேசுற விரலுக்கு இல்ல. ஃப்ரெண்டோட ஒரு மணி நேரம் பேசுனத இந்த கணக்குல சேக்காத.

லைக் வரலன்னா மூஞ்ச தூக்கி வெச்சுக்குறான், எதுக்கு இவ்ளோ?

பொங்கலுக்கு எடுத்த சட்டைய ஒருத்தரும் பாத்து "நல்லாருக்குடா"ன்னு சொல்லலன்னா அந்த வயசுல உங்களுக்கு எப்படி இருந்துச்சு? அதேதான், ஆனா அப்ப சொல்லாதவங்க எத்தன பேருன்னு நம்பர் போட்டு காட்டல. ஃபேஸ்புக்ல லைக் பட்டன் வந்தது 2009ல, அதுக்கு அப்புறம் பொறந்த புள்ளைங்கதான் இவங்க, நம்பர் இல்லாத பாராட்டையே பாத்ததில்ல. இன்ஸ்டாவுல 2021ல இருந்து லைக் எண்ணிக்கைய மறைச்சு வெக்கலாம், உறுத்துதுன்னா மறைச்சுக்கோன்னு சொல்லுங்க. திட்டாதீங்க, முடிஞ்சா சட்டை நல்லாருக்குன்னு வாயால ஒரு தடவ சொல்லுங்க.

க்ரூப்ல இருந்து தூக்கிட்டாங்கன்னு என் பொண்ணு ரெண்டு நாளா சாப்பிடல. வெறும் க்ரூப்புக்கா இது?

வெறும் க்ரூப் இல்லம்மா. பெரும்பாலும் தூக்கவும் மாட்டாங்க, இவள மட்டும் விட்டுட்டு புதுசா இன்னொரு க்ரூப் போட்டுட்டு பழைய க்ரூப்ப காயப் போட்டுருவாங்க. இவளுக்கு ரெண்டு நாள் கழிச்சு எவளோ ஸ்டோரில போட்ட போட்டோவ பாத்துதான் தெரியும், எல்லாரும் சேந்து தஞ்சாவூர் போயிருக்காங்க, நம்மள கூப்பிடலன்னு. முன்ன எல்லாம் கூப்பிடாம விட்டா பாதி நேரம் நமக்கு தெரியாமலே போயிடும், இப்ப போட்டோவோட தெரியுது. வலிக்கத்தான் செய்யும்.

"போன தூக்கி எறி, எல்லாம் சரியாயிடும்"னு மட்டும் சொல்லாதீங்க, மிச்சம் பேசுற ரெண்டு பேரும் அதுலதான் இருப்பாங்க. அந்த பொண்ணுங்க அம்மாகிட்ட போய் பஞ்சாயத்தும் வெக்காதீங்க, ஒருத்தங்க வெச்சாங்க, அடுத்த நாள் அது க்ளாஸ் பூரா மீமா போச்சு. கேலி பண்ணி கமெண்ட் போடுற ஆளா இருந்தா பிளாக் பண்ணா அதுக்கும் ஒரு சண்ட வரும், அதுக்கு இன்ஸ்டாவுல ரெஸ்ட்ரிக்ட்னு ஒண்ணு இருக்கு. அவங்க போடுற கமெண்ட் அவங்களுக்கு மட்டும்தான் தெரியும், நாம ஆன்லைன்ல இருக்குறதும் அவங்களுக்கு தெரியாது, ரெஸ்ட்ரிக்ட் பண்ணது சொல்லவும் சொல்லாது. ரொம்ப பேருக்கு இது தெரியல.

அண்ணே, சீன் காட்டுது, ரிப்ளை இல்ல. அப்புறம் டிபியும் காணோம். என்ன பிளாக் பண்ணிட்டாளா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வாட்ஸப்ல ஒத்த டிக், டிபி இல்ல, லாஸ்ட் சீன் இல்ல, இதெல்லாம் பிளாக்குக்கு அறிகுறின்னு அவங்களே சொல்றாங்க, ஆனா உறுதியா சொல்ல மாட்டோம், பிளாக் பண்ணவங்களோட பாதுகாப்புக்காக வேணும்னுதான் மழுப்பலா வெச்சிருக்கோம்னும் அவங்களே சொல்றாங்க. அதனால வேற நம்பர்ல இருந்து செக் பண்ணித் தாங்கண்ணேன்னு எங்கிட்ட வராத தம்பி. பண்ண மாட்டேன்.

ஒரு பொண்ணு பதில் சொல்லலன்னா அதான் பதில். வேற ஐடில வர்றது, அவ ஃப்ரெண்டுக்கு மெசேஜ் பண்றது, யாரு எழுதுனான்னு தெரியாம போடுற கன்ஃபெஷன் பேஜ்ல அவ பேரு போட்டு எழுதுறது, இதெல்லாம் லவ் இல்ல, வேண்டாம்னு சொன்ன பொண்ண ஆன்லைன்ல பின்தொடர்றது சட்டப்படி குத்தம், பாரதிய நியாய சன்ஹிதான்னு இப்ப இருக்குற குற்றவியல் சட்டத்தோட 78வது பிரிவு. மொத தடவையே 3 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு.

முன்ன பின்ன தெரியாதவங்களோட பழகுறானே, கேம்ல பேசிட்டே இருக்கான்?

கேம் ஆடுறப்ப மைக்ல பேசுறது பெரும்பாலும் கூட படிக்கிறவன்கிட்டதான், மதுரைல ஒருத்தன், கோலாலம்பூர்ல ஒருத்தன்னு நடுவுல சேருவான். நல்ல நட்பும் அமையும். எம்பிராய்டரி பண்ற பொண்ணு, புறா வளக்குற பையன், அந்தந்த கிறுக்குக்கு ஊர்ல ஆள் கெடைக்காது, அங்க கெடைக்கும். புறா பையன் ஒருத்தன் நாமக்கல்காரர்கிட்ட போன்லயே வைத்தியம் கத்துக்கிட்டு இப்ப தெருவுக்கே டாக்டரா இருக்கான்.

பயப்பட வேண்டியது எப்பன்னா, பேச்சு கேம விட்டு தனி சாட்டுக்கு போவணும்னு அவசரப்படுத்துனா, வீட்டுல சொல்லாதன்னு சொன்னா, போட்டோ கேட்டா, காசு குடுத்தாலோ கேட்டாலோ. அதுல ஒண்ணு நடந்தாலும் வெளிய வந்துடணும்.

ரீல்ஸுக்கு லைக் போட்டா தெனம் 2000 ரூபா தர்றாங்களாமே, செய்யலாமா?

தர மாட்டாங்க. மொதல்ல 150 ரூபா வரும், நம்பிக்கை வர்றதுக்கு. அப்புறம் டெலிகிராம் க்ரூப், அப்புறம் "டாஸ்க்குக்கு பணம் கட்டு". உன் பேங்க் அக்கவுண்ட வாடகைக்கு குடு, மாசம் இவ்ளோ தர்றேன்னு வர்றது இன்னும் மோசம், எவனோ திருடுன காசு உன் அக்கவுண்ட் வழியா போவும், போலீஸ் உன் வீட்டுக்குத்தான் வரும். பணம் போயிடுச்சுன்னா உடனே சைபர் க்ரைம் உதவி எண் 1930க்கு போன், நேரம் ஆக ஆக திரும்ப வர்ற வாய்ப்பு கம்மி.

என் போட்டோவ மார்ஃப் பண்ணி மிரட்டுறான். வீட்டுல சொன்னா கொன்னுடுவாங்க. என்ன பண்றது?

மொதல்ல, இது உன் தப்பு இல்ல பாப்பா. போட்டோ நீயே அனுப்புனதா இருந்தாலும் அத வெச்சு மிரட்டுறவன்தான் குத்தவாளி. காசு அனுப்பாத, இன்னொரு போட்டோ அனுப்பாத, குடுத்தா நிக்காது, கூடத்தான் செய்யும். பயத்துல சாட்ட அழிச்சுடாத, எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடு, அவன் ஐடி தெரியுற மாதிரி எடு, அப்புறம் ரிப்போர்ட் அடிச்சு பிளாக் பண்ணு.

18 வயசுக்கு கீழன்னா டேக் இட் டவுன்னு ஒரு இலவச சேவை இருக்கு, அமெரிக்காவுல காணாமப்போன, சுரண்டப்பட்ட குழந்தைங்களுக்கான தேசிய மையம் நடத்துறது. 18 தாண்டிட்டா ஸ்டாப் என்சிஐஐ (StopNCII), சம்மதம் இல்லாம பரப்புற அந்தரங்க போட்டோவ தடுக்குற சேவை. ரெண்டுலயும் உன் போட்டோ எங்கயும் போவாது, உன் போன்லயே அதுக்கு ஒரு கைரேகை மாதிரி கோடு தயாராகும், அந்த கோடு மட்டும்தான் போவும். அதுல சேந்துருக்குற ஆப் கம்பெனிங்க அந்த கோட வெச்சு போட்டோவ கண்டுபிடிச்சு எடுத்துடுவாங்க. புகார் குடுக்க 1930 இல்லன்னா தேசிய சைபர் க்ரைம் போர்ட்டல், பொண்ணுங்க குழந்தைங்க சம்பந்தப்பட்ட புகார பேரு சொல்லாமலே குடுக்க அதுல வழி இருக்கு. சின்ன புள்ளைன்னா குழந்தைங்க உதவி எண் 1098க்கும் பேசலாம். வீட்டுல யாராவது ஒரு ஆளு, அத்தையோ சித்தியோ, திட்டாத ஆளா பாத்து சொல்லு, தனியா சுமக்காத.

பெத்தவங்களுக்கு ஒண்ணு. இந்த மாதிரி மிரட்டுற எல்லாருக்கும் ஆயுதம் போட்டோ இல்ல, "உங்க அப்பாகிட்ட சொல்லிடுவேன்"ங்கிற ஒரு வரிதான்.

எந்த வயசுல குடுக்கலாம்? சட்டம் என்ன சொல்லுது?

இன்ஸ்டா, ஸ்னாப், வாட்ஸப் எல்லாத்துலயும் 13 வயசு ஆகணும்ங்கிறது அவங்க விதி. இன்ஸ்டாவுல 18க்கு கீழ இருந்தா டீன் அக்கவுண்ட்டா மாறிடும், இந்தியாவுல 2025 பிப்ரவரில இருந்து. தானா ப்ரைவேட் ஆயிடும், தெரியாதவங்க மெசேஜ் பண்ண முடியாது, ராத்திரி 10ல இருந்து காலைல 7 வரைக்கும் நோட்டிஃபிகேஷன் வராது, 16க்கு கீழன்னா இந்த கட்டுப்பாட்ட தளர்த்த பெத்தவங்க ஓகே சொல்லணும். இதெல்லாம் பொறந்த வருஷத்த உண்மையா போட்டாதான், நம்ம புள்ளைங்க பாதிப்பேரு 2000ல பொறந்தவங்களா இருக்காங்க. போட்டு குடுத்ததும் பாதி நேரம் அப்பாதான்.

ஆஸ்திரேலியாவுல 2025 டிசம்பர் 10ல இருந்து 16 வயசுக்கு கீழ இன்ஸ்டா, ஸ்னாப் மாதிரி ஆப்ல அக்கவுண்ட்டே கூடாதுன்னு சட்டம். நம்ம நாட்டுல 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18க்கு கீழ எல்லாரையும் குழந்தைன்னு சொல்லி, அவங்க விவரத்த எடுக்க பெத்தவங்க சம்மதம் வேணும்ங்குது. அதுக்கான விதிகள் 2025 நவம்பர்ல வெளியாச்சு, முழுசா நடைமுறைக்கு வர இன்னும் காலம் ஆகும்.

மொத்தமா புடுங்கி வெச்சுட்டா? இல்ல அரசாங்கமே தடை பண்ணிட்டா?

டிக்டாக்குக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க. 2019 ஏப்ரல்ல ஐகோர்ட்டு மதுரை கிளை தடை சொல்லுச்சு, அதே மாசம் நீக்கிடுச்சு. 2020 ஜூன் 29 மத்திய அரசு 59 ஆப்ப தடை பண்ணுச்சு, அதுல டிக்டாக்கும் போச்சு. ஒரு மாசம் கூட ஆகல, ஜூலைல இன்ஸ்டா ரீல்ஸ் வந்துடுச்சு, செப்டம்பர்ல யூட்யூப் ஷார்ட்ஸ். எடம் மாறுச்சு, தள்ளுற விரல் மாறல. டிக்டாக்ல வயல்ல நின்னு ஆடிட்டு இருந்த கிராமத்து ஆளுங்க பாதிப்பேருதான் மறுபடி தலையெடுக்க முடியாம போனாங்க, அது தனி சோகம்.

வீட்டுல புடுங்கி வெச்சா ஃப்ரெண்டு போன்ல லாகின் பண்ணுவான், அது இன்னும் ஆபத்து. எக்ஸாம் நேரத்துல ரீல்ஸ மட்டும் நிறுத்துனா போதும், இன்ஸ்டா ஆப்ப எடுத்துட்டு வாட்ஸப்ப விட்டு வைங்க, சந்தேகம் கேக்கவாவது ஆள் வேணும். ராத்திரி எல்லார் போனும் ஹால்ல சார்ஜ் போடணும்னு ஒரு வீட்டுல விதி வெச்சாங்க, நல்லா நடந்துச்சு, ஏன்னா அந்த அப்பாவும் போட்டாரு.

அவனுக்கு தெரியாம சாட்ட பாக்குற ஆப் ஒண்ணு போட்டுக் குடுங்களேன்?

போட மாட்டேன். நாலு பேரு கேட்டாச்சு, நாலு பேருக்கும் இதே பதில். அந்த மாதிரி ஆப்ல பாதி, உங்க பையன் சாட்ட உங்களுக்கு காட்டுற சாக்குல மூணாவது ஆளுக்கும் காட்டும். கண்டுபிடிச்சான்னா, கண்டுபிடிப்பான், அன்னிலேந்து உங்ககிட்ட எதையும் சொல்ல மாட்டான். மேல மிரட்டல் கேள்வில சொன்ன கடைசி வரிய இன்னொரு தடவ படிச்சுட்டு முடிவு பண்ணுங்க. சின்ன புள்ளைன்னா கூகுள் ஃபேமிலி லிங்க் போட்டுத் தர்றேன், அது புள்ளைக்கு தெரிஞ்சே இருக்குறது, சாட்ட காட்டாது, நேரத்தையும் ஆப்பையும்தான் காட்டும்.

என் ஸ்டேட்டஸ்ல அவன் போட்டோ போட்டதுக்கு ரெண்டு நாளா பேச மாட்டேங்குறான். பெத்த தாய் போடக்கூடாதா?

கேட்டீங்களா அவன்கிட்ட? காதுகுத்துல மொட்டை அடிச்ச போட்டோவ ட்யூஷன் சாரு, க்ளாஸ் பொண்ணோட அம்மா எல்லாரும் பாக்குற எடத்துல போட்டுருக்கீங்க. அவன் தன் போட்டோவ யாரு பாக்கணும்னு பச்ச வட்டம் போட்டு பிரிச்சு வெச்சிருக்கான், நீங்க மைக் புடிச்சுட்டீங்க. அடுத்த தடவ கேட்டுட்டு போடுங்கக்கா.

இன்ஸ்டாவுல நான் ரிக்வெஸ்ட் குடுத்தா பிளாக் பண்றான் என் மகன். நான் என்ன எதிரியா?

துபாய்ல இருந்து லீவுல வந்த ஒரு அப்பா கேட்டது. வருஷத்துக்கு ஒரு மாசம்தான் ஊர்ல இருப்பாரு, மிச்சம் 11 மாசமும் மகன போன்லதான் பாத்து வளத்தாரு, அதனால அவருக்கு அது ரொம்ப வலிச்சுது. அவன் பிளாக் பண்ணது உங்கள இல்லண்ணே, அந்த திண்ணைல அப்பா வந்து உக்காந்தா மத்த பசங்க எந்திரிச்சு போயிடுவானுங்க, அதுக்குத்தான்னு சொன்னேன். ரிக்வெஸ்ட்ட விட்டுட்டு வாட்ஸப்ல ஒரு ரீல் லிங்க் அனுப்பிப் பாருங்கன்னேன். என்ன அனுப்புறதுன்னே தெரியலன்னாரு. பெஞ்ச்ல உக்காந்து தேடி, ஒருத்தன் டிவிஎஸ் 50ல மூணு ஆட்ட ஏத்திட்டு போற வீடியோ ஒண்ண புடிச்சு அனுப்புனாரு. டெம்பர்டு க்ளாஸ் ஒட்டி முடிக்கிறதுக்குள்ள பதிலுக்கு ஒண்ணு வந்துச்சு, கூட "இது பழசுப்பா"ன்னு. அவரு அத மூணு தடவ எங்கிட்ட காட்டிட்டு, காசு குடுக்க மறந்து போயிட்டாரு.